ரூமுக்கு ஒரு வாசல்

பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் வீட்டுப் பிளான் போடப் படிக்க வேண்டும் என்பது வேல்விழியின் ஆசை. விருதுநகர்ப் புத்தகக் கடையில் அண்ணாச்சி மூன்று பயிற்சிப் புத்தகங்களை எடுத்துப் போட்டார். கூட வந்த அம்மா சின்னத்தாய்தான் முதலில் அவற்றைக் கைப்பற்றினாள். அவளுக்கு எழுத்து தெரியாது, படம் புரியும். பட்டாசு மருந்துக் கறை போகாத விரலை ஒவ்வொரு பிளானிலும் வைத்து வாசலை எண்ணினாள்.

“இது வேண்டாம்டி. ரூமுக்கு ஒரு வாசல்தான் போட்டிருக்கான். ஏதாச்சும் ஒண்ணுன்னா எங்கன ஓட?”

“இது குடியிருக்கிற வீடும்மா.”

“வீடுன்னா தீப்பிடிக்காதாக்கும்!” அடுத்ததையும் தள்ளினாள். மூன்றாவதைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டாள். “நாலு பக்கமும் வாசல் வச்சுச் சொல்லிக்குடுக்கிற புத்தகம் இல்லையா அண்ணாச்சி?”

அண்ணாச்சி சிரித்துவிட்டார். வேல்விழிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அவர் மேலா அம்மா மேலா என்று தெரியவில்லை.

“அப்பா வேலை பார்த்த மருந்து ரூமுக்கு நாலு வாசல்தானம்மா?” என்று கேட்டுவிட்டாள்.

சின்னத்தாயின் விரல் படத்திலேயே நின்றது. தீப்பிடித்த அன்று அவள் புருஷன் சுடலை அந்த நாலில் எது வழியாகவும் வெளியே வரவில்லை.

அவள் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அண்ணாச்சி பக்கம் நகர்த்தினாள்.

“எதை எடுத்தா என்னடி,” என்றாள். “நாளைக்கு ஏழு மணிக்கெல்லாம் நம்மள ஏத்திட்டுப் போகக் கம்பெனி வண்டி வந்துரும்.”