தகரக் கொட்டகைத் தீர்மானம்

வில்லியனூரில் எங்கள் தெருவுக்குக் குடியிருப்போர் சங்கம் வந்த பிறகு அழகுக்குக் குறைவில்லை. சாக்கடையை ஆழமாக்கி மூடி போட்டார்கள். நூறு வருஷத்து மரக்கதவுகளைச் சுரண்டி எண்ணெய் பூசினார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே மஞ்சள் அடித்தார்கள். என் வீட்டுக்கும்தான், கேட்டுவிட்டு அடித்தார்களா என்று மட்டும் கேட்காதீர்கள். மிச்சமிருந்த அசிங்கம், சங்கத்தின் பார்வையில், தனக்கொடியின் இட்லிக் கடை ஒன்றுதான்.

தலைவர் அரங்கநாதனின் மாடி வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி இரண்டு இரும்புக் குழாய், ஒன்று சுவருக்கு முட்டுக் கொடுத்த மாதிரி சாய்ந்து, மேலே தகரம். அவ்வளவுதான் கடை. புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு அதில்தான். பழைய தெருவைப் பார்வையிட அதிகாரிகள் திங்கட்கிழமை வருகிறார்கள் என்றதும், ஞாயிறு காலை ஏழு மணிக்கே கொட்டகையைப் பிரிக்க வந்துவிட்டார்கள்: தலைவர், செயலாளர் புகழ்வேந்தன், அறுக்கிற மெஷினோடு ஒரு வெல்டர். நான் எதிர்வாசலில் கோலத்தை நாலாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"தலைவரே, தகரத்த வேணா எடு. சாஞ்ச குழாயத் தொடாத. உன் வூட்டுச் சொவரே அதுலதான் நிக்குது" என்றாள் தனக்கொடி.

"நூறு வருஷத்துச் சொவரு உன் குழாயிலயா நிக்குது? இன்னாடி கத வுடுற?"

அவள் சொன்னது நிஜம். சாக்கடைக்காக அஸ்திவாரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டிய நாளிலிருந்து அந்தச் சுவர் வயிறு தள்ளி நின்றது. மஞ்சள் அடித்ததும் தலைவர் கண்ணுக்கு மட்டும் நேராகிவிட்டது.

புகழ்வேந்தன் அடுப்பை எட்டி உதைத்தான். சாம்பார் தெருவெல்லாம் ஓடியது. தனக்கொடி நீளக் கரண்டியால் ஒன்று போட்டாள். அவன் புருவம் பிளந்து ரத்தம் கொட்டியது. அவன் அவள் கொண்டையைப் பிடித்து முகத்தைக் குழாயில் மோதினான். பல் ஒன்று தெறித்தது. மிச்சப் பற்களால் அவன் வலக்கை விரலை எலும்பு வரை கடித்தாள்.

"இன்னாபா வேடிக்க? அறு!" என்று கத்தினார் தலைவர்.

வெல்டர் அறுத்தான். குழாய் விழுந்தது, பின்னாலேயே சுவர். புழுதி அடங்கியபோது வெல்டர் தெருமுனையில் ஓடிக்கொண்டிருந்தான். தலைவர் செங்கல் நடுவே மல்லாந்து கிடந்தார், முழங்காலுக்குக் கீழே தேக்கு உத்திரம்.

"தூக்குங்கடா! ஐயோ, கால்!"

தனக்கொடி ரத்தத்தைத் துப்பிவிட்டு உத்திரத்தின் மேல் காலை வைத்தாள். "என் கட இங்க இருக்குமா, இருக்காதா?"

"இருக்கும்டி! தூக்குடி!"

"வாயால சொன்னா ஆவாது. தீர்மானம் போடு."

"கால் போவுதுடி பாவி!"

காலைக் கொஞ்சம் அழுத்தினாள். தலைவர் போட்ட சத்தத்தில் கோயில் கோபுரத்துப் புறாக்கள் கிளம்பின. "நோட்ட எடு, புகழு!" என்றார்.

வலக்கை விரல் தொங்கியதால் புகழ்வேந்தன் இடக்கையால் எழுதினான். கடை அதே இடத்தில் நிரந்தரமாக இருக்கும் என்று, ஏகமனதாக. தலைவர் படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். தீர்மானம் செல்ல மூன்றாவதாக ஒரு உறுப்பினர் கையெழுத்து வேண்டுமாம். தனக்கொடி என்னைப் பார்த்தாள்.

"யக்கா, வா."

இதுவரை என்னை எந்தக் கூட்டத்துக்கும் சங்கம் கூப்பிட்டதில்லை. அதனால் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். தலைவர் அலறிக்கொண்டிருந்தார். பிறகு அவள் ஒரு முனை, நான் ஒரு முனை, தூக்கினோம்.