முடிச்சுப் போடத் தெரிந்த எலி

மங்களேஸ்வரி காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது சாமிப்படத்தை அல்ல, காரின் வயிற்றை. முற்றத்தில் பழைய உரச்சாக்கு ஒன்றை விரித்து, முழங்காலை ஊன்றி, கன்னம் நிலத்தில் படுமளவுக்குக் குனிந்து, முன்சில்லிலிருந்து பின்சில்லுவரை பார்ப்பாள். எதுவும் தொங்கவில்லை என்று கண்ட பிறகுதான் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைப்பாள். கட்டுகஸ்தோட்டையில் அவர்களுடைய ஒழுங்கையில் இருந்த சிங்களச் சனம் முதலில் இதை ஏதோ சைவ விரதம் என்று நினைத்தது. மரியாதையாக மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது.

போன மழைக்காலத்தில் அவளுடைய மகன் சேந்தன் அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு பேராதனைப் பக்கம் போனான். வன்னியில் சண்டை மும்முரமாக இருந்த காலம். சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய், தடியில் பூட்டிய கண்ணாடியைக் காருக்குக் கீழே தள்ளிக் குண்டு இருக்கிறதா என்று பார்த்தான். சைலன்சர் குழாயருகே ஒரு கறுப்பு வயர் தொங்கிக்கொண்டிருந்தது. "மே மொகக்த?" என்றான். இது என்ன என்பது கேள்வி.

சேந்தனுக்குப் பொருளியல் தெரியும், வயர் தெரியாது. தெரியாது என்பதை நல்ல சிங்களத்திலேயே சொன்னான். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததால் அந்தத் தெரியாது வேறு மாதிரிக் கேட்டது. அவனைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கும், வயரைப் பிடுங்கி ஒரு கடித உறைக்குள்ளும் அனுப்பினார்கள். கார்தான் அதிர்ஷ்டசாலி. சில மாதம் வெயிலில் நின்றதோடு அதற்கு விடுதலை கிடைத்தது.

இப்போது மகனுக்கும் கிடைத்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை முகாம் வாசலில் பெற்றோரிடம் ஒப்படைப்பார்கள். வழக்கறிஞர் கமலாசனி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "பஸ்ஸில ஏத்திக்கொண்டு வராதேங்கோ அன்ரி. வழியில ஆரும் இறக்கினா மறுபடி முதலில இருந்து தொடங்க வேணும். சொந்தக் காரில போங்கோ. பேப்பர் எல்லாம் சரியா இருக்கட்டும்."

பேப்பர் சரியாக இல்லை. காரின் கண்ணாடியில் ஒட்டும் லைசன்ஸ் காலாவதியாகியிருந்தது. புதிதாக எடுப்பதென்றால் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும் என்று அந்தக் காலத்தில்தான் சட்டம் வந்தது. நாடே எரிந்து புகைந்துகொண்டிருந்தபோது கார்களின் புகையை மட்டும் அரசாங்கம் குழாய் வைத்து அளந்தது.

அவளுடைய கணவர் அம்பிகைபாகன் அரசாங்கக் கந்தோரொன்றில் கணக்காளர். திரும்பி வந்த காரை ஓட்டிப் பார்க்கப் போனவர், பிலிமத்தலாவையில் இன்ஜின் கொதித்து நடுவழியில் நின்றார். அங்கேயே கராஜ் வைத்திருந்த அழகர், மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்து ஆள், இன்ஜினைக் கழற்றிப் பூட்டிக் கொடுத்தான். இன்ஜின் நன்றாக ஓடியது. ஆனால் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் லைட் எரிந்தது.

"லைட் மினுக்குற கணக்கைப் பாருங்க சேர். ரெண்டு தரம், அப்புறம் ஒண்ணு. இருபத்தொண்ணு," என்று அழகர் விளக்கினானாம். "புகைக் குழாயில ஒரு மூக்கு இருக்கு. அதுதான் புகையை மோந்து பாத்து இன்ஜினுக்குச் சொல்லும். உங்க காருல மூக்கும் இல்ல, வயரும் இல்ல. யாரோ பிடுங்கியிருக்காங்க."

யார் பிடுங்கியது என்பதை அம்பிகைபாகன் சொல்லவில்லை. பதவியில் இருக்கும் தமிழர் கராஜில் அதையெல்லாம் பேசுவதில்லை. அழகர் புது மூக்குப் பூட்டினான். சனிக்கிழமை மாலை அம்பிகைபாகன் சிரித்த முகத்தோடு லைட் அணைந்த காரைக் கொண்டுவந்து விட்டார்.

"லைட் நூந்திட்டுது மங்களம்! திங்கள் போய் டெஸ்டை முடிப்பம்."

ஞாயிறு காலை மங்களேஸ்வரி சாக்கை விரித்துக் குனிந்தாள். அதே இடத்தில் ஒரு கறுப்பு வயர், புத்தம் புதிதாக, பளபளவென்று தொங்கியது.

கணவரிடம் சொல்லலாம்தான். சொன்னால், "நீர் பேசாமல் இரும், உமக்கு இதுகள் விளங்காது" என்பார். சேந்தன் காரை எடுத்துக்கொண்டு போன அன்றும் அப்படித்தான் சொன்னார். அவள் காருக்குக் கீழே ஊர்ந்து, வயரின் நடுவில் இருந்த பிளக்கை இழுத்துக் கழற்றினாள். இரண்டு முனைகளையும் கறுப்புத் துணியில் சுற்றிக் குழாய்க்கு மேலே கண்ணுக்குப் படாமல் செருகினாள். துணிக்கு அலுமாரிக்குப் பின்னால் கிடந்த பழைய குடை உதவியது.

திங்கள் காலை லைட் எரிந்தது. அம்பிகைபாகன் டெஸ்டுக்குப் போகாமல் கராஜுக்குப் போனார். லைட் மேலே, முன்னால். வயர் கீழே, நடுவில். இரண்டுக்கும் உறவு இருக்கும் என்று மங்களேஸ்வரிக்குத் தோன்றவேயில்லை. கருகிய துணித்துண்டு ஒன்றை எடுத்துக் காட்டி அழகர், "எலி சேர். கூடு கட்டப் பாத்திருக்கு. பிளக்கைக் கடிச்சு இழுத்திருக்கு," என்றானாம். அம்பிகைபாகன் திரும்பும் வழியில் எலிப் பாஷாணம் வாங்கி வந்து, முதலில் சமையலறையை எச்சரித்தார்.

"உம்மட குசினியில எலி நிக்குது மங்களம்."

"என்ர குசினியில எலி இல்லை," என்றாள் அவள். அதுமட்டும் உண்மை.

செவ்வாய் காலை வயர் மறுபடியும் தொங்கியது. இந்த மெக்கானிக்குக்கு என்ன கோதாரி என்று அவள் நினைத்தாள். கைக்கூலி வாங்கிக்கொண்டு வைக்கிறானா என்றுகூட நினைத்தாள். இந்தமுறை துணியை இறுக்கிச் சுற்றி, குழந்தைக்கு அரைஞாண் கட்டுவதுபோல் முடிச்சுப் போட்டாள்.

கந்தோரில் லீவு கிடைத்த புதன்கிழமை இருவருமாகப் பரிசோதனைக்குப் போனார்கள். லைட்டைப் பார்த்ததும் அம்பிகைபாகன் முகம் கறுத்தது. ஆனால் இனிப் பொறுக்க நாளில்லை. கார் கறுப்பாக இருமியது. குழாயைச் செருகிய பொடியன் தாளைப் பார்த்துத் தலையாட்டினான். தேறவில்லை. அங்கிருந்து நேரே பிலிமத்தலாவைக்குப் போனார்கள். கொட்டும் மழை. அழகர் எண்ணெய்க் குழிக்குள் இறங்கிக் காருக்குக் கீழே போனான். அம்பிகைபாகன் இறங்கி, கூரை எட்டாத பக்கத்தில் நின்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய குடையை விரித்தார். குடையில் பெரிய முக்கோணம் ஒன்று இல்லை. மழை அதன் வழியாக அவருடைய வழுக்கையில் ஒழுங்காக விழுந்தது.

குழிக்குள்ளிருந்து அழகர் தலை நீட்டினான். கையில் முடிச்சோடு ஒரு கறுப்புத் துணி.

"எலியைப் பிடிச்சிட்டேன் சேர். ஆனா இது படிச்ச எலி. முடிச்சுப் போடத் தெரியுது."

அம்பிகைபாகன் துணியைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"மங்களம்?"

"ஓம், நான்தான்."

"உமக்கென்ன விசரோ? நாளைக்குப் பிள்ளை வாறான்!"

"அதுக்குத்தான் கழட்டினனான். அதே இடத்தில அதே வயரைத் திரும்பத் திரும்பக் கொண்டந்து தொங்க விட்டா நான் என்ன செய்ய? ஒருக்கால் பிள்ளையைக் குடுத்தது காணாதோ?"

அழகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்த வயரும்மா?" என்றான். அவள் சொன்னாள். சாவடி, கண்ணாடி, கேள்வி, தெரியாது. கணவர் இத்தனை நாள் கந்தோர்த் தமிழில் மூடிவைத்திருந்ததை அவள் நாலு வரியில் கொட்டிவிட்டாள். அழகர் துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"அந்த வயர் இல்லேன்னா கார் கறுப்பாப் புகை தள்ளும்மா," என்றான் கடைசியில், மெதுவாக.

"தள்ளட்டும். புகை விட்டதெண்டு ஆரையும் பிடிச்சுக்கொண்டு போனதா நான் கேள்விப்படேல்லை."

அம்பிகைபாகன் குடையை மடக்கிக்கொண்டு கூரைக்குள் வந்தார். "லைசன்ஸ் இல்லாமல் போனா முதல் சாவடியிலயே எங்களை இறக்கிப்போடுவாங்கள், மங்களம். அவன் அங்க வாசலில தனிய நிப்பான்," என்றார்.

அவள் கராஜ் வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். வயர் இருந்தால் பிள்ளையைப் பிடிப்பார்கள். இல்லாவிட்டால் பிள்ளையிடம் போகவே முடியாது.

"எங்க அண்ணனை ஒரு டார்ச் லைட் வச்சிருந்தான்னு கூட்டிட்டுப் போனாங்கம்மா," என்றான் அழகர். "மடுல்கெல்லையில. லயத்து வீட்டுக்குப் போற வழி இருட்டு, அதுக்கு வச்சிருந்தாரு."

"வந்திட்டாரோ?"

"வந்துட்டாரு. டார்ச்சுதான் வரல."

சொல்லிவிட்டு அவன் காரின் முன் சீற்றைக் கழற்றினான். தரைவிரிப்பை உரித்தான். தரையில் சின்னத் துளை ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, வயரை மூக்கருகிலிருந்தே மேலே ஏற்றி, காருக்குள்ளால் கொண்டுபோனான். துளையை ரப்பரால் அடைத்தான். பிறகு உடைந்த சைட் கண்ணாடி ஒன்றைக் கராஜ் பெருக்கும் தும்புத்தடியில் கட்டி அவளிடம் நீட்டினான்.

"இப்ப நீங்களே ஆமிக்காரர் மாதிரிப் பாருங்கம்மா."

அவள் தடியைத் தள்ளிப் பார்த்தாள். எந்தச் சிப்பாயும் அப்படிப் பார்த்திருக்கமாட்டான்.

"அங்கால தொங்குறது என்ன?"

"சைலன்சரைத் தூக்கிப் பிடிக்கிற ரப்பர்மா."

"அதையும் எடுக்கேலாதோ?"

"எடுத்தா சைலன்சர் ரோட்டுல விழுந்துடும்மா."

அவள் யோசித்தாள். "சரி, அது கிடக்கட்டும்," என்று உத்தரவு கொடுத்தாள்.

இன்னும் குறை இருக்கிறதா என்று லைட்டைக் கேட்டுப் பார்க்க அழகருக்கு ஒரு சின்ன வயர்த்துண்டு வேண்டியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவளுடைய சேலை ஊசியைக் கேட்டு வாங்கி, இன்ஜின் பக்கத்தில் இருந்த சோதனைப் பெட்டியின் இரண்டு துளைகளை அதனால் இணைத்தான். லைட் நிறுத்தாமல் ஒரே சீராக மினுக்கியது. குறை ஒன்றும் இல்லை என்று அதற்கு அர்த்தம். அன்று பின்னேரம் கார் தேறியது. லைசன்ஸ் கந்தோர் மூடுவதற்குள் கண்ணாடியில் புதுத்தாள் ஒட்டியாயிற்று.

தும்புத்தடிக் கண்ணாடியையும் கொண்டுபோக வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். "அதைக் கண்டாங்களெண்டா மூண்டு பேரையும் வைச்சிருப்பாங்கள்," என்று அம்பிகைபாகன் மறுத்துவிட்டார்.

வியாழக்கிழமை வழியெல்லாம் சாவடி. ஒவ்வொன்றிலும் தடி காருக்குக் கீழே போனது. அவள் மூச்சும் அதோடு போனது. ஒவ்வொன்றிலும் தடி வெளியே வந்தது. "யன்ன," போ என்றார்கள்.

முகாம் வாசலில் சேந்தன் ஒரு பொலித்தீன் பையோடு நின்றான். தோளெலும்பு சட்டையைக் குத்தியது. அம்பிகைபாகன் பின்கதவைத் திறந்துவிட்டார். அவன் ஏறவில்லை. அம்மாவைக்கூடப் பார்க்காமல் காரைச் சுற்றி நடந்தான். பிறகு தார்ச் சூட்டில் முழங்காலை ஊன்றி, கன்னம் நிலத்தில் படுமளவுக்குக் குனிந்தான்.

அம்பிகைபாகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மங்களேஸ்வரி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். கைப்பையைத் திறந்து, பொட்டு வைக்கும் வட்டக் கண்ணாடியை எடுத்து, மகனுக்குப் பக்கத்தில் தானும் முழங்காலிட்டு அதை அவன் கையில் கொடுத்தாள்.

"ஆறுதலாப் பார், அப்பன்," என்றாள். "பாத்து முடிச்சிட்டு ஏறு."