தொப்புளுக்கு மேலே ஒரு பேனா வட்டம்

மருந்து கொடுப்பதில் குமுதா ஒரு சொட்டுகூடப் பிசகியதில்லை. கிளினிக்கில் கொடுத்த ஊசியில்லாத சிரிஞ்சைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, ஐந்து மில்லி கோட்டில் மருந்து நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். புட்டியைச் சரியாகக் குலுக்கினோமா என்று சந்தேகம் வந்தால் மறுபடியும் குலுக்குவாள். காலை ஏழு, பிற்பகல் மூன்று, இரவு பதினொன்று. கொடுத்த கையோடு ஐஸ்பெட்டிக் கதவில் தொங்கும் காலண்டரில் நேரத்தைக் குறித்து வைப்பாள்.

"புட்டி காலியாகிற வரைக்கும் நிறுத்திடாத குமுதா. காய்ச்சல் விட்டுருச்சேன்னு நிறுத்தினா தொண்டையில சீழ் திரும்பி வந்துரும்" என்று அக்கா மாதவி தினமும் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவாள். மாதவிக்குப் பெட்டாலிங் ஜெயாவில் தொழிற்சாலை வேலை. உள்ளே நுழையும்போதே கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். நாலு மணி ஓய்வில்தான் மறுபடி எடுக்கலாம். அத்தான் லோரியோடு ஜொகூருக்குப் போய் இரண்டு நாளாகிறது. ஆகவே கிள்ளானில் அந்த நாலாவது மாடி வீட்டில், மூன்று வயது மலருக்குப் பகல் முழுக்கச் சித்தி குமுதாதான்.

குமுதாவுக்குப் பதினெட்டு வயது. பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். யாராவது கதவைத் தட்டினால் அறைக்குள் போய் நின்றுகொள்கிற கூச்சம். மூன்று நாளைக்கு முன்னால் மலரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய் வந்ததே அவளுக்குப் பெரிய காரியம். கௌண்டரில் இருந்த கிறிஸ்டின் என்ற பெண், "பாப்பாவுக்கு எந்த மருந்தாச்சும் ஒத்துக்காதா? அலர்ஜி இருக்கா?" என்று கேட்டபோது பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். குமுதாவுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லோரும் தன் முதுகையே பார்க்கிற மாதிரி இருந்தது. இல்லையென்று தலையை ஆட்டிவிட்டாள்.

நாலாம் நாள் காலை மருந்து கொடுத்து முக்கால் மணி நேரம் இருக்கும். குளிக்க வைக்கச் சட்டையைக் கழற்றினால், மலரின் வயிற்றில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. தோளில் இரண்டு, தொப்புளுக்கு மேலே அவரை விதை அளவில் ஒன்று. குழந்தை சொறிந்துகொண்டே சிரித்தது.

பக்கத்து வீட்டு சீதாலெட்சுமி தோசை கொடுக்க வந்தவர், தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தாயே! ஆத்தா வந்திருக்கா லா. பாத்துக்கிட்டு நிக்கிற?"

"ஆன்டி, இப்பதான் மருந்து…"

"மூச்! இனிமே ஒரு சொட்டு கொடுக்கக்கூடாது. கிளினிக்குன்னு தூக்கிக்கிட்டு ஓடவும் கூடாது. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் புள்ள வாசப்படி தாண்டக்கூடாது, சொல்லிட்டேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. மூச்சிரைக்க நாலு மாடி இறங்கி, கார் நிறுத்துமிடத்து வேப்பமரத்தில் கொத்தாக ஒடித்துவந்து கதவில் செருகினார். மிச்சத்தை மெத்தை விரிப்பின் கீழே பரப்பினார். நல்ல மனுஷி. மலருக்கு ஒன்றென்றால் மாதவிக்கு முன்னால் அவர் கண்தான் கலங்கும். அதனாலேயே அவரிடம் எதிர்த்துப் பேசக் குமுதாவால் முடியாது.

ஆன்டி போனதும் குமுதா ஒரு காரியம் செய்தாள். தொப்புளுக்கு மேலிருந்த தடிப்பைச் சுற்றி நீலப் பேனாவால் வட்டம் போட்டாள். பெரிதாகிறதா என்று பார்த்து அக்காவிடம் சொல்ல வேண்டுமே.

"சித்தி, டோனட்!" என்று மலர் வயிற்றைத் தள்ளிக் காட்டினாள்.

மத்தியானம் தூங்கவைத்த பிறகும் குமுதாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிறுத்தாதே என்கிறாள் அக்கா. ஒரு சொட்டுகூடக் கொடுக்காதே என்கிறார் ஆன்டி. மூன்று மணி ஆக இன்னும் பத்து நிமிடம். பழக்கம் விடவில்லை, புட்டியைக் குலுக்கி, சிரிஞ்சில் ஐந்து மில்லி எடுத்துக்கொண்டு குழந்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மலர் விழித்திருந்தாள், தொடையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

குமுதா சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். நீல வட்டம் அப்படியே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. வழுவழுவென்று வெறும் தோல். காலையில் இல்லாத தடிப்புகள் தொடையிலும் முதுகிலும் கிடந்தன.

அம்மை அப்படி இடம் மாறாதே! நாலாம் வகுப்பில் குமுதாவுக்கே போட்டிருந்தது. முத்து முத்தாக நீர்கோத்து, காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, புருவத்து ஓரத்தில் இன்றைக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தாள். நேற்றைய மூன்று மணிக்குப் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள்: 'நாலு மணிக்குச் சொறிந்தாள். கொசு?'

திரும்பியவள் மலரின் முகத்தைப் பார்த்தாள். மேல் உதடு குளவி கொட்டியதுபோல உப்பியிருந்தது.

கிறிஸ்டின் கேட்ட கேள்வியும், தான் தலையாட்டியதும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. சிரிஞ்சில் இருந்ததைக் கைகழுவும் தொட்டியில் பீய்ச்சிவிட்டு, கைப்பேசியை எடுத்தாள். முன்பின் தெரியாதவர்களுக்கு அவள் போன் செய்ததே இல்லை. மணி அடிக்க அடிக்க, யாரும் எடுக்காமல் இருந்தால் தேவலை என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

"கிளினிக், வணக்கம்."

"அக்கா… நான்… மலரோட சித்தி. மருந்து கொடுத்தப்புறம் உடம்பெல்லாம் தடிச்சிருக்கு. உதடு வீங்குது."

கிறிஸ்டினின் குரல் மாறியது. "மூச்சு இரைக்குதா? முழுங்க கஷ்டப்படுதா?"

"இல்ல. பேசுது."

"சரி. அந்த மருந்து வேணாம், நிறுத்துங்க. பாட்டிலையும் எடுத்துக்கிட்டு இப்பவே வாங்க. வர்றதுக்குள்ள மூச்சு இரைச்சாலோ நாக்கு வீங்கினாலோ எங்களுக்காகக் காத்திருக்க வேணாம், 999 அடிச்சிருங்க."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தால் சீதாலெட்சுமி நிற்கிறார்.

"எங்க லா தூக்கிட்டுப் போற? ஆத்தா வந்திருக்கிற புள்ளையை!"

குமுதா மலரின் சட்டையைத் தூக்கி வட்டத்தைக் காட்டினாள். "காலையில இதுக்குள்ள இருந்துச்சு ஆன்டி. இப்ப எங்க போச்சு? ஆத்தா போட்ட முத்து மத்தியானத்துக்குள்ள காணாமப் போகுமா? உதட்டைப் பாருங்க." அத்தனை வார்த்தையைச் சேர்த்துப் பேசியதில் அவளுக்கே மூச்சு வாங்கியது.

சீதாலெட்சுமி குனிந்து வட்டத்தைப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டினார். "காரு கூப்பிட்டியா? கூப்பிடு. நானும் வரேன்." போகிற போக்கில் கதவிலிருந்து ஒரு வேப்பங்கொத்தை உருவிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

நெரிசலில் கார் ஊர்ந்தது. குமுதா குழந்தையின் மார்பில் உள்ளங்கையை வைத்து ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டே வந்தாள். சிக்னலில் நின்றபோது ஆன்டி ஓட்டுநரிடம், "பாஸ், பச்சை லா, போங்க லா!" என்று சிவப்பு விளக்கு எரியும்போதே சத்தம் போட்டார்.

டாக்டர் புட்டியைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். ஊசி போட்டுவிட்டு, "நல்லவேளை, மூணு மணி மருந்தைக் கொடுக்கல. முன்னால எப்பவாச்சும் இப்படி வந்திருக்கா?" என்றார்.

"எனக்குத் தெரியாது டாக்டர். அன்னிக்கும் தெரியாது. இல்லன்னு தலையாட்டிட்டேன்." குமுதாவின் கண்ணில் நீர் முட்டியது.

நாலு மணிக்கு மாதவி அழைத்தாள். குமுதா விஷயத்தைச் சொன்னாள். "போன வருஷம் சுங்கை பூலோவுல இருந்தப்பவும் ஒரு மருந்துக்குத் தடிச்சுச்சு. சூடுன்னு நெனச்சு இளநீ கொடுத்தேன். உங்கிட்ட சொல்லல குமுதா" என்றாள்.

தடிப்பு அடங்கட்டும் என்று அன்றைக்கு ஊசியோடு ஒரு மாத்திரைத்தூளும் கொடுத்து, சாயங்காலம் வரை உட்காரவைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார் டாக்டர். பழைய மருந்து பென்சிலின் வகை, அதனால் தொண்டைச் சீழுக்கு இனி வேறு வகை மருந்து. மறுநாள் காலையில் முதல் தடவை கிளினிக்கிலேயே கொடுக்கலாம் என்றார்.

மறுநாள் வரிசை வாசல் வரை நின்றது. கிறிஸ்டின் பழக்கமாக அட்டையை எடுத்துக்கொண்டு, "அலர்ஜி ஏதும்…" என்று ஆரம்பித்தாள்.

"இருக்கு" என்றாள் குமுதா. குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. பின்னாலிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "பென்சிலின் வகை ஒத்துக்காது. அட்டையில எழுதிருங்க. இந்தப் புது மருந்து அதோட சேர்ந்தது இல்லையே?"

"இல்ல லா. டாக்டர் பாத்துத்தான் எழுதியிருக்காங்க."

மருந்து உள்ளே போனதும் அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். குமுதா பெஞ்சில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தையும் மலரின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். குளித்தும் முழுசாக அழியாத நீல வட்டம் மங்கலாகத் தெரிந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சட்டையைத் தூக்கினாள்.

"டோனட் போச்சா, சித்தி?"

"இருடி. இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு."