சாக்கை எடுத்தது யார்?

1

இந்தக் கதை மனத்தில் விழுந்த ஒரு வெடிப்பிலிருந்து பிறந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் தங்கையிடம் வாங்கிய திட்டிலிருந்து பிறந்தது.

"சும்மா உக்காந்து எழுதிட்டுத்தானே இருக்கே? என் வீட்டுப் புகைபோக்கி ரிப்பேர நின்னு பாத்து முடிச்சுக் குடேன்."

வெளியூர் போயிருந்தவள் பிள்ளைகளோடு திரும்புவதற்குள் வேலை முடிய வேண்டும்.

2

முதல் தொடக்கம்: காலம் அந்தப் புகைபோக்கியின் மீது தன் கைரேகையை... (வேண்டாம். காலத்துக்கு வேறு வேலை இல்லையா?)

இரண்டாவது: கொத்தனார் சாரத்தில் ஏறித் தட்டினார். பழைய பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. மேல் நான்கு வரிசைச் செங்கல்லைக் கையாலேயே உருவ முடிந்தது. இடிசல் கீழே, குளிர்காயத் தீ மூட்டும் கணப்பில் விழாமலிருக்க, வைக்கோல் திணித்து, கீழே கயிறு தொங்கவிட்ட சாக்கைப் புகைவழிக்குள் இறுக்கிச் செருகினார்.

(சாக்கு நல்ல விவரம். இருக்கட்டும்.)

3

கொத்தனார் பாத்திரம் எனக்குத் திருப்தியாக இல்லை. கதையில் வரும் தொழிலாளி குறைவாகப் பேச வேண்டும். இவருக்கு வாய் ஓயாது.

"செங்கல்ல நனைச்சாத்தான் சார் பூச்சு புடிக்கும். இல்லேன்னா தண்ணிய உறிஞ்சிட்டு உதிர்ந்துடும். கேக்குறீங்களா இல்லையா?"

"கேக்குறேன் மேஸ்திரி."

கேட்கவில்லை. கடைசி நாள் சாரத்தைப் பிரித்துவிட்டு அவர் ஏதோ நீளமாகச் சொன்னபோதும், அவர் மீசையில் ஒட்டிய சுண்ணாம்புக்கு வார்த்தை தேடியபடி தலையாட்டினேன்.

4

முடிவு ஒன்று: தங்கை அண்ணாந்து பார்த்துக் கண்கலங்குகிறாள். (அவளா? கோணலாக இருக்கிறது என்பாள்.)

முடிவு இரண்டு: குளிர். கதவு, சன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. தங்கை கணப்பில் தீ மூட்டுகிறாள். பிள்ளைகள் அதன் முன்னால் படுத்திருக்கிறார்கள். புகை கூரைக்கு மேலே...

புகை மேலே போக வேண்டுமென்றால் சாக்கை யாராவது எடுத்திருக்க வேண்டும். இரண்டாம் பகுதியைத் திரும்பப் படித்தேன். செருகியது இருக்கிறது, எடுத்தது இல்லை. குறிப்பேட்டைப் புரட்டினேன். மீசைச் சுண்ணாம்பு பற்றிய குறிப்புக்குப் பக்கத்தில், ஓரமாக, மேஸ்திரி சொன்னதில் பாதி வாக்கியம்: "பூச்சு இறுகட்டும் சார், நாளைக்குக் கீழேருந்து கயித்த இழுத்து நீங்களே சாக்க..."

அதைச் சொல்லி ஐந்து நாளாகிறது.

5

தங்கையின் செய்தி வந்து இருபது நிமிடம் ஆகிவிட்டது. எழுதும்போது நான் போனைப் பார்ப்பதில்லை. "வந்துட்டோம் அண்ணா. பூச்சு நல்லாத்தான் இருக்கு. ரொம்பக் குளிருது, தீ மூட்டப் போறேன்."

அழைக்கிறேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் வீடு இரண்டு தெரு தள்ளி. ஓடுகிறேன்.

முடிவை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரியில் மட்டும் அந்தச் சன்னல்களைத் திறந்துவிடுங்கள்.