நீலாவதியின் நிறம்

என் கணவர் குலசேகரம் எடுத்த வேலையைப் பாதியில் விடமாட்டார், அது மெஷின் வேலையாக இருந்தால். தொண்ணூற்றெட்டில் எங்கள் சிரம்பான் போட்டோ ஸ்டூடியோவுக்குப் புதிதாக வந்த பிரிண்டரோடு அன்று காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் முகத்தில் பச்சை தட்டியது. மை வரும் துளைகளைச் சுத்தம் செய்தார். கார்ட்ரிட்ஜை மாற்றினார், தாளை மாற்றினார். ஒருவழியாகச் சரியாகிவிட்டது என்று அவர் நிமிர்ந்தபோது, நான் தாளை வாசல் வெயிலுக்கு எடுத்துப்போனேன். டியூப் லைட்டில் சாம்பலாக இருந்த முகம் வெயிலில் பாசி பிடித்த சுவராகத் தெரிந்தது.

"இன்னும் பச்சைதான்" என்றேன்.

"பிழை எங்கையெண்டு பிடிச்சிட்டன்" என்றார். சாம்பல் நிறத்தைக் கலர் மைகளைக் கலந்துதான் மெஷின் உண்டாக்குகிறதாம். அதை நிறுத்திக் கறுப்பு மையை மட்டும் ஓடவிட்டார். இந்த முறை வெயிலிலும் சாம்பல் சாம்பலாகவே இருந்தது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளில் இருந்தவள் செத்துப்போன பெண்.

புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் தாயம்மாவின் ஒரே மகள் நீலாவதி. மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட எங்களிடம்தான் படம் எடுத்தாள். கல்யாணப் படமென்றால் இவர் யாரையும் கேட்கமாட்டார். கண்ணாடி முன்னால் இருக்கும் பவுடர் டின்னைக் காட்டுவார். இரண்டு விளக்கையும் முகத்துக்கு நேரே திருப்புவார். கறுத்த பெண் வெளுத்து வருவாள். அதைப் புண்ணியம் என்றே நினைத்திருந்தார்.

அந்தப் படத்தைப் பார்த்துப் பாரோயிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நீலாவதி காப்பித் தட்டோடு வந்து நின்றதும், "படத்துல இருந்த புள்ள எங்க?" என்று அவள் காதுபடக் கேட்டார்கள். காப்பியைத் தொடாமல் காரில் ஏறிவிட்டார்கள். மறுநாள் அவள் தோட்டத்தில் களைக்கு அடிக்கும் புல்லு மருந்தைக் குடித்துவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். வீட்டில் வேறு படம் கிடையாது. அவள் படமிருந்த ஐசி அடையாள அட்டையையும் சாவைப் பதியும்போது வாங்கிக்கொண்டார்கள். படத்தை வாங்க அன்று மத்தியான பஸ்ஸில் தாயம்மா வந்து இறங்கினாள்.

"பச்சை முழுக்கப் போயிட்டுது, பாருங்கோ" என்று இவர் தாளை நீட்டினார்.

தாயம்மா வெகுநேரம் பார்த்தாள். "இது யாரு மொதலாளி?"

"உங்கட மகள்தானே."

"எம்புள்ள கறுப்புலா. என் நெறம்." ரப்பர்ப் பால் கறை ஏறிய கையைத் தாளின்மேல் வைத்துக் காட்டினாள். "இந்த நெறம்."

இவர் திரும்ப உட்கார்ந்தார். அவள் கையைப் பார்த்துப் பார்த்துக் கறுப்பைக் கூட்டினார். கூட்டக் கூட்டச் சேலை இருண்டது, பின்னாலிருந்த திரை இருண்டது, கண்கள் குழி விழுந்தன. முகம் மட்டும் உயிரில்லாமல் சாம்பல் பூத்தது. பவுடரும் விளக்கும் மூடிய இடத்தில் பிலிமிலேயே அவள் பதியவில்லை. இல்லாததை எந்த மெஷின் கொண்டுவரும்?

"மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றார் இவர்.

"மெஷினில பிழையில்லையெண்டு இப்பவாவது விளங்குதோ?" என்று கத்திவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதரை வெறுத்தேன்.

தாயம்மா அழவில்லை. போட்ட படங்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேசையிலேயே வைத்தாள்.

"பாரோய்க்காரங்க தேடி வந்தது இந்தப் புள்ளயத்தான், அவங்களுக்கே குடுத்துருங்க" என்றாள். "எம்புள்ள மொகத்த நான் இனிமே எங்க போயி பாப்பேன்?"