சர்க்கரை இல்லாத மாப்பிள்ளை

சக்திகுமாருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. உடம்பு மட்டும் உண்டு, அதுவும் தாராளமாக. ஒரகடம் போகிற கம்பெனி பஸ்ஸில் அவன் ஏறினால் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து அவனுக்கு வணக்கம் சொல்லும். சுங்குவார்சத்திரத்தில் அவன் இறங்கி நடந்தால் டீக்கடைப் பாய்லருக்குள் பால் அலையடிக்கும். திருநெல்வேலியிலிருந்து வந்தபோது ஒல்லிதான். லைன் சூப்பர்வைசர் உத்தியோகமும், ஓ.டி.யும், ஷிப்ட் முடிந்து தின்ற பரோட்டாவும் சேர்ந்து இப்படி ஆக்கிவிட்டன.

பூந்தமல்லியில் ஒரு டாக்டரைப் பார்த்து, வாரம் ஒருமுறை வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசியை ஆரம்பித்தான். பேனா மாதிரி இருக்கும். ஆறு மாதத்தில் பேன்ட்டுகள் அவனை விட்டு நழுவத் தொடங்கின. “எப்பிடிண்ணே?” என்று கேட்டவர்களிடமெல்லாம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஓடுவதாகச் சொல்லிவைத்தான். அவன் சொன்ன கணக்குப்படி ஓடியிருந்தால் ஏரிக்கரை தேய்ந்து தண்ணீர் சென்னைக்குத் தானாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

வினை கம்பெனி கேட்டில் வந்தது. மருந்துக்கடையில் வாங்கிய பேனாவை ஐஸ் பையில் வைத்துக்கொண்டு நேராக ஷிப்டுக்கு வந்துவிட்டான். கேட்டில் பைகளைத் துழாவாமல் உள்ளே விடமாட்டார்கள். பின்னால் பி ஷிப்ட் முழுக்க வரிசை. செக்யூரிட்டிக்காரர் பேனாவை எடுத்து, ஊருக்கே காட்டுகிறவர் மாதிரி தூக்கிப் பிடித்தார்.

“இன்னா சார் இது? ஊசி கீது?”

மெலிவதற்கு என்று சொல்ல சக்திகுமாரின் நாக்கு எழும்பவில்லை. ஏரிக்கரை ஓட்டம் என்ன ஆவது? “சுகருக்குண்ணே,” என்றான்.

வரிசை மொத்தமும் ‘ப்ச்’ கொட்டியது. அந்தச் சத்தம் வாலாஜாபாத் வரைக்கும் கேட்டிருக்கும். திரும்பிப் பார்த்தால் நாலு ஆள் தள்ளி ரஞ்சனி நின்றுகொண்டிருந்தாள். அவன் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்ட பெண். அவள் கண்ணில் அதற்குள் தண்ணீர்.

“எங்கிட்ட சொல்லணும்னு தோணலியா?” என்று அன்றைக்கு கேன்டீனில் கேட்டாள். அழுதுகொண்டே அவன் டீயில் சர்க்கரை போட வேண்டாம் என்று கேன்டீன்காரரிடம் சொன்னாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் சர்க்கரை இல்லாத டீயைக் குடித்தான்.

ரஞ்சனியின் அப்பா நாகப்பன் ஒரகடத்துப் பக்கத்துக் கிராமத்துக்காரர். இந்தக் கல்யாணத்துக்கு ஒரு வருடமாக முகம்கொடுக்காதவர். எங்கேயோ திருநெல்வேலிப் பையன், யார் என்ன என்று தெரியாது என்பது அவர் கட்சி. நோயை மறைத்துக் கல்யாணம் பேசுவது தப்பு என்று ரஞ்சனி அவரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டாள். சம்பந்தம் இத்தோடு முறிந்தது என்றுதான் சக்திகுமார் நினைத்தான். நாகப்பனோ துள்ளிக் குதித்தார். பதினைந்து வருடமாக, காலையும் மாலையும் இன்சுலின் குத்திக்கொண்டு, வீட்டில் எல்லோரும் அரிசிச்சோறு தின்பதைப் பார்த்துக்கொண்டே கோதுமை உப்புமா மெல்லுகிறவர் அவர். தனக்கு ஒரு ஜோடி கிடைத்துவிட்டதாக ஊர் பூராவும் சொல்லித் திரிந்தார்.

“மாப்ளய வரச்சொல்லு,” என்றார் மகளிடம். அவர் வாயிலிருந்து மாப்பிள்ளை என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு ஞாயிறுதோறும் விருந்து. விருந்து என்றால் பாகற்காய் ஜூஸ், வெந்தயக் களி, சாமைச் சோறு. நாகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, “கசக்கும் மாப்ள, கண்ண மூடிக்கினு அடி,” என்று தானே டம்ளரைத் தூக்கிக் கொடுப்பார். அவர் அன்பாகக் கொடுக்கக் கொடுக்க சக்திகுமாருக்குக் காது சுட்டது. அந்தச் சூட்டில் தோசை வார்த்திருக்கலாம்.

கல்யாணத் தேதி குறிக்க உறவுக்காரர்கள் சாயங்காலம் வருவதாக இருந்த ஞாயிறு அது. ஊசிப் பேனாவையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார் நாகப்பன். வண்டி மைலேஜ் விசாரிக்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“வாரக்கணக்கு ஊசில ரெண்டு தினுசு கீதாமே. உன்து எது?”

“மொதல்ல செமக்ளூடைட் போட்டேன் மாமா. பொறவு டாக்டர் டிர்செபடைடுக்கு மாத்திட்டாவ.”

“ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?”

“சாப்ட்டதும் ‘போதும்’னு மூளைக்குச் சொல்ல நம்ம குடல்ல ஒரு ஹார்மோன் சுரக்கும்லா, மொத ஊசி அத மாதிரி வேல செய்யும். ரெண்டாவது, அதோட இன்னொரு ஹார்மோனு வேலையும் சேத்துச் செய்யும்.”

“டபுள் இஞ்சினு.”

“அப்டித்தான். சராசரியா பாத்தா மொத ஊசிய விட இதுல நெறையக் கொறையுமாம். ஆளுக்கு ஆள் மாறும். எதுவானாலும் சின்ன டோஸ்ல ஆரம்பிச்சு மெள்ளதான் ஏத்தணும். கொமட்டும், வயிறு படுத்தும். நிறுத்துனா எட திரும்ப ஏறிரும்.”

“எடயா?”

“சுகரும் மாமா. சுகரும்.” என்று அவசரமாகச் சேர்த்தான்.

நாகப்பன் சுகர் பார்க்கிற மெஷினை எடுத்துவந்து அவன் விரலைப் பிடித்துக் குத்தினார். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மெஷினில் நூற்று நாலு வந்தது. நாகப்பன் அதை வெளிச்சத்தில் காட்டினார், கவிழ்த்தார், தட்டினார். அவர் மெஷின் அப்படியொரு எண்ணை ஜென்மத்தில் காட்டியதில்லை.

“முனியம்மா, இத வந்து பாரு. ரெண்டு வேள குத்திக்கினு நான் முந்நூத்துல நிக்கிறேன். வாரத்துக்கு ஒருவாட்டி குத்திக்கினு மாப்ள நூத்துல கீறாரு. ஃபிரிட்ஜ்ல கீற இன்சுலினு அத்தினியும் தூக்கிப் போடு.”

“டாக்டராண்ட ஒரு வார்த்த கேட்டுக்க,” என்றாள் அவர் மனைவி முனியம்மாள்.

“டாக்டரு இன்னா, மாப்ளயே உக்காந்துகினு கீறாரு. பேனாவ எடு மாப்ள. ஊசி மட்டும் புதுசு மாட்டு.” சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, வயிற்றைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த வயிற்றில் பதினைந்து வருடத்துத் தழும்புகள் இருந்தன.

சக்திகுமார் பேனாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். சொன்னால் பெண் போச்சு. சொல்லாவிட்டால் இந்த மனுஷன் போய்ச்சேருவார்.

“மாமா, வேண்டாம். ஒருத்தரு பேனாவ இன்னொருத்தரு போடவே கூடாது. இன்சுலினயும் நிறுத்தக் கூடாது. எனக்கு... எனக்குச் சுகரே கெடையாது மாமா.”

“கண்ட்ரோல்ல கீதுன்றியா?”

“இல்ல மாமா. எனக்கு வந்ததே இல்ல. இந்த மருந்தச் சுகருக்கும் குடுப்பாவ, எட கொறையவும் குடுப்பாவ. நான் போடுறது தொப்பைக்கு. கேட்ல வெக்கப்பட்டுப் பொய் சொல்லிட்டேன்.”

நாகப்பன் சட்டையை இழுத்து மூடினார். ஒவ்வொரு பொத்தானாக மாட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சக்திகுமாருக்கு.

“அப்போ அந்தப் பாவக்கா ஜூஸு?” என்றார் கடைசியில். “அது இன்னாத்துக்குடா குடிச்ச?”

“நீங்க குடுத்தீயன்னு குடிச்சேன்.”

“எனுக்கு ஒரு ஜோடி கெடச்சான்னு நெனச்சேன்டா. ஊரெல்லாம் சொன்னேன்.”

ரஞ்சனி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். “கேன்டீன்ல நான் அழுவசொல்ல பாத்துக்கினுதான இருந்த,” என்றாள். “அந்த டீய வேற குடிச்ச.”

அவனுக்குத் தலை நிமிரவில்லை. சிமென்டுத் தரை பிளந்து வழிவிட்டால் ஒரே ஓட்டமாகத் திருநெல்வேலியில் போய் எழுந்திருக்கலாம்.

நாகப்பன் எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்து, தன் இன்சுலினை எடுத்து, அவனுக்கு முதுகைக் காட்டியபடி குத்திக்கொண்டார். “அந்த வாரக்கணக்கு ஊசி எனுக்கு ஆவுமா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

“டாக்டர்தான் சொல்லணும் மாமா. நான் கூட வாரேன்.”

“வா. வந்து அவராண்டயாவது நெசத்த சொல்லு.” பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “முனியம்மா, உறவுக்காரங்களுக்கு ஒரு கேசரி கிண்டி ஒளிச்சு வச்சிருக்கியே, எடுத்துனு வா. இவனுக்குத்தான் சுகர் இல்லியே. என் எதிர்ல துன்னட்டும்.”

முந்தாநாள்தான் டோஸ் ஏற்றியிருந்தான். ரெண்டு கவளத்துக்கு மேல் தொண்டையில் எதுவும் இறங்காது. நெய் மினுங்க வந்து நின்ற தட்டு, திருப்பதி மலையில் பாதி இருந்தது. நாகப்பன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வாயையும் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் கொஞ்சம், ஏக்கம் நிறைய. சக்திகுமார் விழுங்கினான். குமட்டலை அடக்கிக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, கடைசி முந்திரி வரைக்கும் விழுங்கித் தட்டைக் காலி செய்தான்.

ரஞ்சனி வந்து பக்கத்தில் நின்றாள். பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி நிறைய எடுத்து, மறுபடியும் அவன் தட்டில் வைத்தாள்.