கால் அங்குலம் குறைந்த கதை

1

இந்தக் கதை ஓர் இணையப் பக்கத்தில் பிறந்தது. ஆண்களுக்கான கைப்பயிற்சி: வெந்நீரில் நனைத்த துண்டு, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்த வளையம், தினம் பத்து நிமிடம்; ரத்த ஓட்டம் பெருகும், அளவு கூடும். நான் ஏன் அங்கே போனேன் என்று கேட்காதீர்கள். சிரித்துக்கொண்டேதான் படித்தேன். அடியில் ஒருவர் கேட்டிருந்தார்: ‘என் மனைவி என்னைத் தொட்டு ஏழு மாதம் ஆகிறது. எத்தனை நாளில் பலன் தெரியும்?’ யாரும் பதில் போடவில்லை. அதோடு என் சிரிப்பும் நின்றது.

2

‘வங்கி அதிகாரி குளியலறைக் கதவைத் தாழிட்டு’

(அடித்துவிட்டேன். அதிகாரிக்கு இதில் என்ன வேலை?)

தையல்காரர் என்று வைத்துக்கொள்வோம். நாளெல்லாம் ஊராரின் தோளையும் இடுப்பையும் தொட்டு அளப்பவர்; வீட்டில் ஒருத்தியைத் தொடத் தயங்குபவர். ஏழு மாதம் முன்பு ஒருமுறை உடம்பு ஒத்துழைக்கவில்லை. “தூக்கம் வருது” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதன்பிறகு திரும்பவே இல்லை. வீட்டு முன்னறைதான் கடை; அங்கே பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்கும் மனைவி பட்டன் டப்பாவை நீட்டும்போது விரல் படுமா என்று ஏங்குவார். பட்டால் கையை இழுத்துக்கொள்வார்.

3

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இருபத்தோரு நாள் பயிற்சி செய்தார். தொழில் புத்தி போகுமா? முதல் நாளே அளந்து, வெட்டுமேசைக்கு அடியில் சாக்கட்டியால் எழுதி வைத்தார். கடைசி நாள் மதியம் மறுபடி அளந்தார்.

கால் அங்குலம் குறைந்திருந்தது.

(இங்கே நான் சிரித்தேன். அவர் குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.)

4

வேறு முடிவு ஒன்றும் எழுதிப் பார்த்தேன். மருத்துவரிடம் போகிறார், சர்க்கரை என்று தெரிகிறது, மாத்திரை. அதுதான் புத்திசாலித்தனம், அவர் போகத்தான் வேண்டும். ஆனால் யார் அவரை அனுப்புவது? மனைவியிடம் சொன்னால்தானே…

5

வெளியே வந்தவரின் கையில் இருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

“அந்தப் பழைய டேப்ப ஏங்க எடுத்தீங்க? மூணு சட்டை காலர் பிடிக்குதுன்னு திரும்பி வந்துச்சே, மறந்துட்டீங்களா? டேப்போட முன்பக்கமெல்லாம் இழுபட்டுப் போச்சு. எல்லாத்தையும் குறைச்சுத்தான் காட்டும்.”

முதல் நாள் புது டேப். இன்று அது அவள் கழுத்தில் கிடந்ததால் கைக்குக் கிடைத்ததை எடுத்திருந்தார். முப்பது வருடத் தையல்காரர் செய்யும் தப்பா இது!

“எதை அளந்தீங்க?”

“துணி.”

“பாத்ரூம்லயா?”

அவர் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“தினம் பத்து நிமிஷம் குழாய் ஓடுது. உள்ள அழுவுறீங்களோன்னு கதவுக்கு வெளிய நின்னுட்டுத் திரும்பிப் போவேன். என் மேல ஏதாவது கோவமா?”

“ஐயோ, உன் மேலயா?”

“பின்ன? நான் கிட்ட வந்தாலே விலகிப் போறீங்க.”

தனக்கு மட்டும்தான் ஏக்கம் என்று நினைத்திருந்தார் மனுஷர். அவளோ அவருக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று ஏழு மாதமாகக் குமைந்திருக்கிறாள்.

“திரும்புங்க. சட்டை தோள்ல தொங்குது. இளைச்சுட்டீங்க.” கழுத்திலிருந்த புது டேப்பை எடுத்தாள். பின்னால் நின்று இரண்டு கைகளையும் அவர் மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். டேப்பின் இரு முனைகளும் அவர் நெஞ்சில் சேர்ந்தன. அளவைப் படிக்க அவள் முன்னால் வரவில்லை. அப்படியே நின்றாள்.

“மூச்ச விடுங்க,” என்றாள்.

6

இனி அவர் சொல்ல வேண்டும். சுலபமான வாக்கியம்தான், நாலு முறை எழுதி நாலு முறையும் அடித்தேன். எழுதுவதற்குப் பயமாக இருக்கிறது.

(அந்த இணையப் பக்கத்தின் அடியில் கேள்வி கேட்டது நான்தான். எண்ணிப் பார்த்தால் இப்போது எட்டு மாதம்.)

அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து அறையில் என் மனைவி துணி மடிக்கும் சத்தம் கேட்கிறது. நான் எழுந்து போகிறேன்.